மலேரியா போயிருச்சு, சிக்கிள் செல் ஏன் போகல? (ஹால்டேன் கணக்கு)

#1 கணக்குவாத்தி_கோத்தகிரி | செவ்வாய், இரவு 9.40

போன வாரம் எங்க பள்ளியில சிக்கிள் செல் (அரிவாள் செல், பரம்பரையா வர்ற ரத்தசோகை) பரிசோதனை முகாம். வரிசையைப் பார்த்துக்கிற வேலை எனக்கு. குத்தின விரல்ல பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஒரு பிளஸ் ஒன் பொண்ணு கேட்டா: "சார், மலேரியாவாலதான் இந்த ஜீன் நம்ம ரத்தத்துல தங்குச்சுன்னு நர்ஸக்கா சொன்னாங்க. இப்பதான் மலேரியாவே இல்லையே, அப்புறம் இது ஏன் இருக்கு?"

பயாலஜி டீச்சர் அன்னிக்கு லீவு. நான் கணக்கு. நாளைக்குச் சொல்றேன்மான்னு நழுவி வந்துட்டேன். ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சு, கடைசியில போய் நின்ன இடம் மரபியலுக்குக் கணக்கு எழுதின ஜே.பி.எஸ். ஹால்டேன். ஒரு வாரமா அந்த ஆளோடதான் குடித்தனம்.

1892ல ஆக்ஸ்போர்டுல பிறந்தவர். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சையும் விஷவாயுவையும் ஆராய்ஞ்ச உடலியல்காரர். மகனைத்தான் சோதனை எலியா வச்சுக்கிட்டார்னு சொல்லணும். சின்னப் பையனைச் சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போய், கூரையோரம் மீத்தேன் தேங்கியிருக்கிற இடத்துல நிமிர்ந்து நிக்க வச்சு, நாடக வசனம் ஒப்பிக்கச் சொல்லியிருக்கார். நாலஞ்சு வரியிலயே மூச்சு வாங்கிப் பையன் கீழ விழுந்துட்டான். தரையோரம் நல்ல காத்து, அதனால தெளிஞ்சுட்டான். மீத்தேன் காத்தைவிட லேசுன்னு அதுக்கப்புறம் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவேண்டி இருந்திருக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, மனுசனுக்கு அறிவியல்ல பட்டமே கிடையாது. ஆக்ஸ்போர்டுல முதல்ல கணக்கு, அப்புறம் கிரேக்க, லத்தீன் இலக்கியம், தத்துவம். எலிகளை வளர்த்து மரபியல் பார்த்தது தங்கை நவோமி, ஒரு நண்பர், இவங்களோட சேர்ந்து. அந்தக் கட்டுரை 1915ல வந்தப்ப இவர் போர்முனையில இருந்தார், நண்பர் போர்லயே இறந்துட்டார்.

அப்புறம் 1924. மான்செஸ்டர் பக்கம் ஒரு அந்துப்பூச்சி. வெளிர் நிறம்தான் வழக்கம், கருப்பு 1848 வாக்குல முதல்ல கண்ணுல பட்டுச்சு. ஆலைப் புகை மரத்தையெல்லாம் கருக்கினதுல, நூற்றாண்டு முடியறதுக்குள்ள அங்க கிட்டத்தட்ட எல்லாமே கருப்பு. பூச்சியைப் பார்த்தவங்க பல பேர். இவர் அதைக் கணக்காப் போட்டார். இத்தனை வருசத்துல இவ்வளவு மாறணும்னா, வெளிர் பூச்சி ரெண்டு தப்பிச்சு இனம் பெருக்குற இடத்துல கருப்பு மூணு தப்பிச்சிருக்கணும். டார்வின் "கொஞ்சம் கொஞ்சமா"ன்னு சொல்லிட்டுப் போன விசயத்துக்கு ஒரு எண் கிடைச்சது. ஃபிஷர், சீவால் ரைட், ஹால்டேன், இந்த மூணு பேர் போட்ட கணக்கு மேலதான் இன்னிக்குப் பரிணாமப் பாடமே உட்கார்ந்திருக்கு.

அந்தப் பொண்ணு கேள்விக்குப் பதில் இருக்கு. நோட்டுல போட்டு வச்சிருக்கேன். கரண்ட் போகப்போகுது, நாளைக்கு எழுதறேன்.

#2 பச்சத்தேயிலை | செவ்வாய், இரவு 10.05

வாத்தியாரே, சீரியல்காரன் மாதிரி நல்ல இடத்துல நிறுத்திட்டுப் போறீங்க.

ஒரு சந்தேகம். நான் இருக்கிறது மலை மேல, ஹட்டியில (படுகர் ஊர்). எங்க பாட்டி காலத்துல இருந்து இந்த வியாதியைப் பத்தி வீட்ல பேச்சே வந்ததில்லை. கீழ மசினகுடி, கூடலூர்ப் பக்கம் மட்டும் ஏன்?

#3 லேப்_அக்கா | புதன், காலை 7.15

டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சுருக்கமா.

கொசு எல்லா ஊர்லயும் இருக்கும். ஆனா கொசுவோட வயித்துக்குள்ள மலேரியா கிருமி வளரணும்னா சூடு வேணும். 18 டிகிரிக்குக் கீழ போனா ஃபால்சிபாரம்ங்கிற கொடிய மலேரியாக் கிருமி வளராது. உங்க ஹட்டி குளிருக்கு அது முத்தறதுக்குள்ள கொசு ஆயுசே முடிஞ்சுரும். மோயாறு, சீகூர், வயநாடு ஓரம், குன்னூர் மலைக்குக் கீழ கல்லாறு, இங்கெல்லாம் ஓடையும் இருக்கு, சூடும் இருக்கு. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து ராத்திரி தங்காம மேல ஏறிப் போன காலம் ஒண்ணு இருந்துச்சுன்னு வயசானவங்க சொல்லுவாங்க. அங்கயே தலைமுறை தலைமுறையாக் குடியிருந்தது இருளர், பணியர், குறும்பர் ஜனங்க. காய்ச்சல் யாரைத் தேர்ந்தெடுத்துச்சோ அவங்க ரத்தத்துலதான் தடம் இருக்கு.

ஒரு வேண்டுகோள். "வியாதி ஜீன்"னு மட்டும் எழுதாதீங்க. ஏ-ன்னா சாதாரண ஜீன், எஸ்-ன்னா சிக்கிள் ஜீன். எஸ் ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தா அது தாங்கி, ஏ.எஸ். அவங்க நோயாளி இல்லை. அம்மா அப்பா ரெண்டு பக்கமும் வந்தாத்தான் எஸ்.எஸ்., அதுதான் நோய். இந்த வித்தியாசம் தெரியாம கல்யாணமே நின்னு போன வீடு எனக்குத் தெரியும்.

#4 மோயாறு_கரை | புதன், காலை 8.50

அக்கா சொன்னது சரி. நான் இருளர்தான். எங்க பெரியம்மா மகள் ஒருத்தங்களுக்கு எஸ்.எஸ். சின்ன வயசுல கை கால் மூட்டு வலின்னு அழுவாங்க. தை மாசம் பனி இறங்குனா ரொம்ப மோசம், கம்பளிக்குள்ள சுருண்டு கிடப்பாங்க. படிச்ச இடத்துல நடிக்கிறான்னு சொல்லி வெயில்ல நிக்க வச்சாங்க. ஒரு ஆஸ்பத்திரியில வலி ஊசி போட்டு அனுப்பினாங்க, ரத்தம் பார்க்கல. 19 வயசுலதான் பேரே தெரிஞ்சுது.

இப்ப மாத்திரையில ஓடுது. ஹைட்ராக்சியூரியா. தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லியிருக்காங்க.

#5 கணக்குவாத்தி_கோத்தகிரி | புதன், இரவு 8.30

தம்பி, வெயில்ல நிக்க வச்சது எங்க ஜாதிதான், வாத்தியார் ஜாதி. படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு.

சரி, கணக்கு. ஹால்டேன் 1949ல எழுதினது அரிவாள் செல்லைப் பத்தி இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன். மத்தியதரைக்கடல் ஓரத்துல தலசீமியான்னு இன்னொரு ரத்தசோகை. பிள்ளைங்க செத்துக்கிட்டே இருந்தும் அந்த ஜீன் அங்க ஏன் இவ்வளவு பேர்கிட்ட இருக்கு? தாங்கிகளை மலேரியா அவ்வளவாத் தாக்காம இருக்கலாம்னு யோசனை சொன்னார். அதோட, மனுசனோட பரிணாமத்தைச் செதுக்கினதுல தொற்றுநோய்க்குப் பெரிய பங்குன்னும் எழுதினார்.

1952ல லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்ட அரிவாள் செல்லைக் கண்டு எழுதினாங்க. இந்தியாவுல இது இருக்குன்னு வந்த முதல் செய்திகள்ல ஒண்ணு. 1954ல ஆந்தனி ஆலிசன், கென்யாவுல வளர்ந்தவர், அரிவாள் செல் தாங்கிகளை மலேரியா அவ்வளவாத் தாக்கலைன்னு ஆப்பிரிக்காவுல நேரடியாவே பார்த்துட்டார். யோசனைக்கும் நிரூபணத்துக்கும் நடுவுல நம்ம மலை நிக்குது.

இப்ப பத்தாயிரம் பேர் உள்ள ஒரு ஊரை வச்சுக்குவோம். ஊரும் எண்ணும் கணக்குக்காக, எந்த ஊரோட புள்ளிவிவரமும் இல்லை. பத்து ஜீன்ல ஒண்ணு எஸ். அப்ப 8100 பேர் ஏ.ஏ., 1800 பேர் தாங்கி, 100 பேர் எஸ்.எஸ். அந்தக் காலத்துல வைத்தியம் இல்லை, 100 பேரும் பிள்ளை பெறாமலே போயிட்டாங்கன்னு வைங்க. 200 எஸ் போச்சு. ஜீன் குறையணும், இல்லையா?

மலேரியா இருந்தா குறையாது. தாங்கிகள் 9 பேர் பிழைச்ச இடத்துல ஏ.ஏ. 8 பேர்தான் பிழைச்சாங்கன்னா, 8100 பேர் 7200 ஆவாங்க. கூட 1800 தாங்கி. மொத்தம் 9000 பேர், 18,000 ஜீன், அதுல எஸ் 1800. மறுபடியும் பத்துல ஒண்ணு! நூத்துக்கு 11 பேரைக் காய்ச்சல் கூடுதலாக் கொண்டுபோனாப் போதும், தராசு அசையாம நிக்கும்.

இப்ப மலேரியாவை எடுத்துருங்க. 8100 பேரும் பிழைக்கிறாங்க. மொத்தம் 19,800 ஜீன்ல எஸ் 1800, அதாவது பதினொண்ணுல ஒண்ணு. அடுத்த தலைமுறையில பன்னெண்டுல ஒண்ணு. அப்புறம் பதிமூணு. பாதியாக் குறைய, இருபதுல ஒண்ணு ஆக, பத்து தலைமுறை. தலைமுறைக்கு 25 வருசம்னா 250 வருசம்.

மருந்தடிச்சு மலேரியாவை விரட்டுற தேசியத் திட்டம் 1953ல ஆரம்பிச்சது. நம்ம அதுல மூணு தலைமுறை வந்திருக்கோம். நூத்துக்கு 18 தாங்கி இருந்த கற்பனை ஊர்ல இன்னிக்கு 14 இருக்கும். அவ்வளவுதான் குறைஞ்சிருக்கும். இதுவும் எஸ்.எஸ். பிள்ளைங்க ஒருத்தர் கூடப் பிழைக்கலைங்கிற கொடுமையான கணக்குல. இப்ப மருந்து இருக்கு, பிழைக்கிறாங்க, இன்னும் மெதுவாத்தான் குறையும். குறையட்டும், பிள்ளைங்க இருக்கட்டும்.

இன்னிக்குக் கரும்பலகையில போட்டுக் காட்டினேன். அந்தப் பொண்ணு பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணுன்னு வரிசையைப் பார்த்துட்டு, "அப்ப எப்பவுமே சைபர் ஆகாதா சார்?"னு கேட்டா. ஆகாதும்மான்னேன்.

#6 பச்சத்தேயிலை | புதன், இரவு 9.02

பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரியாத்தான் வருது. பத்தாவதுல நீங்க இருந்திருந்தா நான் தேயிலை பறிக்க வந்திருக்க மாட்டேன்.

#7 ஃபெர்ன்ஹில்_வாசி | வியாழன், காலை 6.40

எல்லாரும் கும்பிட்டு முடிச்சாச்சா? இந்த ஹால்டேன் 1942ல கம்யூனிஸ்ட் கட்சியில சேர்ந்தவர். ரஷ்யாவுல லைசென்கோன்னு ஒரு ஆள் மரபணுவே பொய்னு சொல்லி, ஸ்டாலின் ஆதரவோட மரபியல்காரங்களை ஒழிச்சுக்கட்டினப்ப, மரபியலுக்கே கணக்கு எழுதின இந்தப் பெரிய மனுசன் கண்டிச்சு ஒரு வார்த்தை சொல்லாம, அதுலயும் ஏதோ உண்மை இருக்குன்னு சப்பைக்கட்டு கட்டிக்கிட்டு இருந்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்க வாத்தியார். பிள்ளைகளுக்குப் பாதிக் கதை சொல்லக் கூடாது.

#8 ரிட்டயர்டு_தோழர் | வியாழன், காலை 11.20

நண்பர் சொன்னதில் பொய் இல்லை. நாற்பது வருடம் தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவன் நான். மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1928ல் ஹால்டேனை ரஷ்யாவுக்கு அழைத்து ஊர் சுற்றிக் காட்டியவர் ரஷ்ய மரபியலாளர் வவிலோவ். உலகம் முழுக்க நடந்து விதை சேகரித்த அந்த மனிதர் 1943ல் சரத்தோவ் சிறையில் செத்தார். வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டவன் சிறையில் கிடந்து செத்திருக்கிறான், இவர் வார்த்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். 1950 வாக்கில் கட்சியை விட்டு விலகினார். தாமதம்தான். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1939ல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். அவர்கள் எப்படி மூச்சுத் திணறிச் செத்தார்கள் என்று கண்டுபிடிக்க இரும்பு அறைக்குள் தானே போய் உட்கார்ந்தவர் ஹால்டேன். கூலிக்கு ஆள் பிடித்து உள்ளே தள்ளவில்லை. அழுத்த அறைச் சோதனைகளில் வலிப்பு வந்தது, முதுகெலும்பு அடிபட்டது, செவிப்பறை கிழிந்தது. கிழிந்த காது வழியாகச் சுருட்டுப் புகை விடலாம், விருந்தில் நல்ல வேடிக்கை என்று அவரே கேலி பேசியிருக்கிறார்.

1957ல் லண்டன் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, சூயஸில் பிரிட்டன் நடத்திய அட்டூழியத்தைக் காரணம் காட்டி, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்தார். மகலனோபிஸின் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை. அறுபது வருடம் காலுறை மாட்டியது போதும் என்றார். குர்தா, வேட்டி. 1961ல் இந்தியக் குடிமகன். முதல் உலகப்போரில் காயம்பட்டு, வெள்ளைக்கார அதிகாரியாக இதே நாட்டில் ஓய்வெடுத்தவர் அவர்.

#9 ஃபெர்ன்ஹில்_வாசி | வியாழன், பகல் 12.10

தோழர் நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி. ஆனா தன் உடம்பை வச்சுச் சோதிச்சவரை மட்டும் சொன்னா எப்படி? ஆலிசன் நைரோபியில என்ன பண்ணினார் தெரியுமா? 15 தாங்கி, 15 தாங்கி இல்லாதவங்க, மொத்தம் 30 பேருக்கு வேணும்னே மலேரியாவை ஏத்தினார். இல்லாதவங்கள்ல 14 பேருக்குப் பிடிச்சுது, தாங்கிகள்ல 2 பேருக்குத்தான். நிரூபணம் பளிச்சுன்னு இருக்கு. அந்த 30 பேரும் கருப்பு ஜனங்க.

#10 மோயாறு_கரை | வியாழன், பகல் 12.35

இதுதான் எங்க ஊர்லயும் பயம். முகாம்னு வந்தாங்கன்னா பாட்டிங்க கேட்கிற முதல் கேள்வி, ரத்தத்தை எங்க கொண்டு போறீங்கன்னுதான்.

#11 லேப்_அக்கா | வியாழன், இரவு 7.50

கேட்கணும் தம்பி. கேட்டா நாங்க காட்டணும். நான் காட்டுவேன்.

ஒரு சின்னக் குழாயில மருந்துத் தண்ணி இருக்கும். அதுல ஒரு துளி ரத்தம். குலுக்கி வச்சுட்டு அஞ்சு நிமிசம் காத்திருப்போம். அப்புறம் கருப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டையைக் குழாய்க்குப் பின்னாடி பிடிப்பேன். தண்ணி தெளிவா இருந்து கோடு தெரிஞ்சா எஸ் இல்லை. மோர் கலந்த மாதிரி கலங்கிக் கோடு மறைஞ்சா எஸ் இருக்கு. பாட்டிகளையே பிடிச்சுப் பார்க்கச் சொல்லுவேன். "கோடு தெரியுது கண்ணு"ன்னு சொல்லும்போது அவங்க முகத்தைப் பார்க்கணும்.

ஆனா தாங்கியா நோயான்னு இந்தக் குழாய் சொல்லாது. கலங்கினா ரத்தத்தை, ஹீமோகுளோபினை வகை பிரிச்சுக் காட்டுற எச்.பி.எல்.சி. மெஷினுக்கு அனுப்பணும். 2023 ஜூலையில தேசியத் திட்டம் அறிவிச்சாங்க, 40 வயசுக்குள்ள இருக்கிற 7 கோடி பேரைப் பார்க்கணும்னு. குழாய் சீக்கிரம் வந்துருது. மெஷின் ரிசல்ட்டுக்குத்தான் காத்துக் கிடக்கணும்.

#12 உன்னிப்பூ | வியாழன், இரவு 9.15

உதகையில எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். ஹால்டேன் இந்தியாவுல என்ன செஞ்சார்னு யாரும் சொல்லலையே, எனக்கு அதுதான் உயிர்!

இங்க பெரிய மெஷின் இல்லைன்னு அவர் புலம்பினதில்லை. கண்ணு இருக்கு, எண்ணத் தெரியும், போதும்னார். அவர்கூட வேலை பார்த்தவங்கள்ல ஜெயகர் குளவிக்கூடு பக்கத்துல உட்கார்ந்து கவனிச்சார். டேவிஸ் தென்னைமரத்தைச் சுத்திச் சுத்தி வந்து, மட்டை இடப்பக்கமாச் சுழலுதா வலப்பக்கமான்னு எண்ணினார். துரோணம்ராஜு எண்ணினதுதான் நம்ம ஊர்ச் சமாச்சாரம்: உன்னிச்செடி (லாண்டானா)!

இளஞ்சிவப்புப் பூ உன்னியும் ஆரஞ்சுப் பூ உன்னியும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். எந்தப் பட்டாம்பூச்சி எதுல உட்காருதுன்னு அவர் எண்ணினார். சில இனங்க ஒரே நிறத்தைத்தான் தேடிப் போகுது. அப்படின்னா இதோட மகரந்தம் அதுக்குப் போகாது. நடுவுல மலையோ ஆறோ இல்லாமலே ஒரு செடி ரெண்டு இனமாப் பிரிய அது வழியாகலாம். 1960ல இது நேச்சர் இதழ்ல வந்துச்சு. செலவு நோட்டும் பென்சிலும்தான்.

நம்ம காட்டை மூடிக் கிடக்குற சனியன் அது, யானைக்குப் புல்லு இல்லாமப் பண்ணுது. ஆனா கோத்தகிரி ரோட்டோரம் ஒரு மணி நேரம் நின்னா நானும் எண்ணலாம். போன ஞாயிறு எண்ணினேன். 43 பட்டாம்பூச்சி, ஒரு சுற்றுலா வேன், என்ன தேடுறீங்கன்னு கேட்ட ரெண்டு போலீஸ்காரர்.

#13 பச்சத்தேயிலை | வியாழன், இரவு 9.31

உன்னிக்குச்சியில கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசி ஜனங்க யானை பொம்மை பின்னி 2021ல லண்டன் பூங்காவுல நிறுத்தினாங்களே. ஹால்டேன் லண்டன்ல இருந்து இங்க, உன்னி இங்கிருந்து லண்டனுக்கு.

#14 கணக்குவாத்தி_கோத்தகிரி | வியாழன், இரவு 10.20

உன்னிப்பூம்மா, எங்க எட்டாம் வகுப்புக்கு ஒருநாள் வந்து அந்த எண்ணலைச் சொல்லிக் குடுக்கணும். ஃபெர்ன்ஹில் சார், லைசென்கோ கதையை நாளைக்கு வகுப்புல சொல்றேன், சத்தியமா.

அவர் சொன்னதாகச் சொல்ற ஒரு வேடிக்கை. அடுத்தவனுக்காக உயிரைக் குடுப்பீங்களான்னு கேட்டதுக்கு, கூடப்பிறந்தவங்க ரெண்டு பேரைக் காப்பாத்த முடியும்னாக் குடுப்பேன், இல்லேன்னா எட்டு கசின் வேணும்னாராம். கூடப்பிறந்தவங்ககிட்ட நம்ம ஜீன்ல பாதி, கசின்கிட்ட எட்டுல ஒண்ணு. இதைத் தமிழ்ல சொல்லும்போதுதான் சிக்கல். சித்தப்பா பையன் நமக்குத் தம்பி, அத்தை பையன் மச்சான். ஹால்டேன் தராசுல ரெண்டு பேரும் ஒரே எடை. எங்க அம்மா கேட்டா அடிப்பாங்க.

#15 மோயாறு_கரை | வெள்ளி, காலை 7.05

சார், அந்த எட்டுல ஒண்ணு கணக்கை எனக்கு விளக்கமாச் சொல்ல முடியுமா. எனக்கு ஏ.எஸ். போன வருசமே தெரியும். வீட்ல அத்தை மகளைப் பேசியிருக்காங்க. அவங்களுக்கு இன்னும் டெஸ்ட் எடுக்கல.

#16 கணக்குவாத்தி_கோத்தகிரி | வெள்ளி, காலை 7.40

தம்பி, உங்க எஸ் அப்பா வழியா வந்திருக்க பாதி வாய்ப்பு. அப்படி வந்திருந்தா, அதைத் தாத்தா பாட்டி அத்தைக்கும் குடுத்திருக்க பாதி. அத்தை மகளுக்குக் குடுத்திருக்க இன்னொரு பாதி. மூணு பாதியைப் பெருக்கினா எட்டுல ஒண்ணு. இது உறவால வர்ற பங்கு மட்டும். ஊர்ல பொதுவா எவ்வளவு பேர் தாங்கியோ, அது இதுக்கு மேல சேரும். அதனால அசல்ல பெண் எடுத்தாலும் டெஸ்ட் வேணும்தான்.

அவங்க ஏ.ஏ. ஆக இருந்தா எந்தப் பிள்ளைக்கும் எஸ்.எஸ். வராது. அவங்களும் தாங்கின்னா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒண்ணு. முதல் பிள்ளைக்கு வந்துட்டா அடுத்த மூணுக்கும் வராதுன்னு அர்த்தம் இல்லை, ஒவ்வொரு தடவையும் புதுசாச் சுண்டுற காசு.

#17 லேப்_அக்கா | வெள்ளி, காலை 8.00

அவங்க ரிசல்ட்டை இங்க போடாதீங்க தம்பி, நல்லதோ கெட்டதோ. நேர்ல கூட்டிட்டு வாங்க. செவ்வாய், வியாழன்ல நான் இருப்பேன்.

#18 மோயாறு_கரை | ஞாயிறு, மாலை 5.25

அத்தை ஒத்துக்கிட்டாங்க. அந்தக் கோடு போட்ட அட்டையை அவங்களே பிடிச்சுப் பார்க்கணுமாம், அதுதான் நிபந்தனை. செவ்வாய் வர்றோம் அக்கா, ஜீப்பு பத்து மணிக்கு மேலதான் கிடைக்கும்.

#19 லேப்_அக்கா | ஞாயிறு, மாலை 6.10

பதினொண்ணு ஆனாலும் பரவாயில்லை. அத்தை கண்ணாடி போடுவாங்கன்னா மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க.